புது வெர்ஷன் ஏன் மெதுவாக ஓடியது

என் ஆராய்ச்சி எதைப் பற்றி என்று யாராவது கேட்டால் எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும். கேட்கிறவர்கள் தப்பான எண்ணத்தில் கேட்பதில்லை. பஸ்ஸில் ஜன்னலோரத்து அம்மா, பந்தியில் பக்கத்து இலைக்காரி, சின்ன மாமனார் எல்லோரும் அன்பாகத்தான் கேட்பார்கள். நானும் அன்பாகத்தான் ஆரம்பிப்பேன். புள்ளிவிவரக் கணக்குப் போடுவதற்கு ஒரு மென்பொருள் இருக்கிறது, அதில் பழைய வெர்ஷன், புது வெர்ஷன் என்று வந்துகொண்டே இருக்கும், ஒரே கணக்கை இரண்டிலும் கொடுத்து எது சீக்கிரம் முடிக்கிறது என்று பார்க்கிறேன் என்பேன். ஒரு கல்யாணத்தில் சின்ன மாமனார் சாம்பாரைப் பிசைந்துகொண்டே, "புச்சா வந்ததுதானம்மா வேகமா ஓடும்? இதுக்கு இன்னாத்துக்கு இத்தினி வருஷம்?" என்றார். அதற்குப் பிறகு பாயசம் எனக்கு இறங்கவில்லை.

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் எடுக்கிறேன். பதவியின் பெயர் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் மட்டும்தான் இருக்கிறது, பிஎச்.டி. இல்லாதவளை எந்த ஜூன் மாதமும் "நீங்க வர வேணாம்மா" என்று சொல்லிவிடலாம். அதற்காகத்தான் பகுதிநேரமாகப் பதிவு செய்தேன். பிள்ளை பெற்றேன், மாமனார் படுத்த படுக்கையாக இருந்து போனார், கொரோனா வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நீட்டிப்பு வாங்கினேன். கடைசி நீட்டிப்பு தரும்போதே பல்கலைக்கழகத்தில் சொல்லிவிட்டார்கள், இதற்குமேல் கிடையாது, அவர்கள் குறித்துக் கொடுத்த மாதத்தின் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. அத்தனை வருடமும் காற்றோடு போகும். வேலையும் பின்னாலேயே போகும்.

எங்கள் வீடு கச்சிராயபாளையம் போகிற சாலையில் ஓர் ஊரில் இருக்கிறது. கொல்லைக் கதவைத் திறந்தால் கல்வராயன் மலை. வீட்டில் நான், என் வீட்டுக்காரர், பள்ளிக்கூடம் போகிற மகள், என் மாமியார். வீட்டுக்காரர் கரும்பும் மரவள்ளியும் பயிர் வைக்கிறார். மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்பது ஊருக்கே தெரியும். அத்தை என் வாய்க்குப் பயந்தவர் இல்லை, ஆனால் அது கிளம்பினால் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது என்பதற்காக ஒதுங்கிப் போகிறவர்.

ஆய்வுக்கு வேண்டிய தரவு என்னிடமே இருந்தது. வெள்ளிமலைப் பக்கம் மாணவிகளோடு ஏறி இறங்கி வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பு அது. எத்தனை ஆடு, எவ்வளவு மரவள்ளி, பிள்ளைகள் எது வரைக்கும் படித்தார்கள் என்று எல்லாம் இருக்கும். அதிலிருந்து சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல ஆயிரக்கணக்கான தடவை மாதிரி எடுத்து, ஒவ்வொரு தடவையும் கணக்கை முதலிலிருந்து போடச் சொல்வேன். ஒரு ஓட்டம் முடிவதற்கு மணிக்கணக்கில் ஆகும். தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் மென்பொருளே எழுதி வைத்துவிடும். ஒரே சாலையில் பழைய பஸ்ஸையும் புது பஸ்ஸையும் அதே ஆட்களை ஏற்றி ஓட்டிப் பார்க்கிற மாதிரி, அவ்வளவுதான் விஷயம்.

காலையில் கல்லூரிக்குக் கிளம்பும்போது பழைய வெர்ஷனைத் தட்டிவிட்டுப் போவேன். மதியம் வந்து புது வெர்ஷனைத் தட்டிவிட்டு, பக்கத்துத் தெருவில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கப் போவேன். இதையே மாற்றி மாற்றி வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? முதல் வருடப் பிள்ளைகளுக்கு நான் நடத்துகிற பாடமே அதுதான். ஆனால் அந்தப் புது வெர்ஷன் இருக்கிறதே, அதைத் திறக்கும்போதெல்லாம் இன்டர்நெட்டில் போய் அனுமதி கேட்டுக்கொண்டு வரும். என் போனில் எங்கள் ஊரில் சிக்னல் ஒரு கோடு காட்டினால் அன்றைக்குத் திருவிழா. வீட்டுக்காரரின் போனில்தான் நன்றாக எடுக்கும். அவர் விடிந்ததும் கழனிக்குப் போனால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். அவர் சாப்பிடும் நேரத்தில் அவர் போனிலிருந்து இன்டர்நெட் எடுத்துப் புதியதைத் திறந்துவிட்டால் அதன்பிறகு அதுபாட்டுக்கு ஓடும். அதனால் புதியது மதியத்துக்கென்றே ஆகிவிட்டது. ஒரே லேப்டாப், ஒரே கணக்கு, காலையில் ஓடினால் என்ன, மதியம் ஓடினால் என்ன என்று நானும் விட்டுவிட்டேன்.

வந்த முடிவைப் பார்த்து எனக்கு மண்டை காய்ந்தது. புது வெர்ஷன் மெதுவாக ஓடியது. அதுவும் ஒழுங்காக மெதுவாக ஓடித் தொலைந்ததா என்றால் அதுவும் இல்லை. ஒரு நாள் பறக்கும், மறுநாள் படுத்துக்கொள்ளும். பழையது மட்டும் தினமும் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. நான் லேப்டாப்பை மூடித் திறந்தேன். வைரஸ் இருக்கிறதா என்று தேடினேன். அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். "சனியனே, இன்னிக்காவது ஒழுங்கா ஓடு" என்று அதனிடம் பேசிப் பார்த்தேன். மகள், "அம்மா அதுகூடயும் சண்டை போடுது பாட்டி" என்று அத்தையிடம் போய்ச் சொன்னாள்.

கரண்ட் விஷயத்தில் மட்டும் நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தேன். லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது மிச்சம் பிடிப்பதற்காகத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால் ஓட்டத்தின் நடுவே கரண்ட் போனால் அந்த ஓட்டத்தை அப்படியே தூக்கிப் போட்டுவிடுவேன். டியூஷன் முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அத்தே, கரண்ட் போச்சா?" என்று தினமும் கேட்பேன். "போவலியே" என்பார் அவர். அல்லது, "ஆமா, மூணு மணிக்கா போயி இப்பதான் வந்துது" என்பார். போனது என்றால் அன்றைய கணக்கு குப்பை, போகவில்லை என்றால் அன்றைய கணக்கு செல்லும். இதைவிட எப்படிக் கவனமாக இருப்பது?

என் நெறியாளர் வேறு ஊரில் இருக்கிற பேராசிரியர். அவரிடம் முடிவைக் கொண்டுபோனபோது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "புதுசு மெதுவா ஓடுதுன்னு எழுதினா எவன்மா ஒத்துக்குவான்?" என்றார். "ஓடுதே சார்" என்றேன். "நீ எங்கியோ தப்பு பண்ற" என்றார். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. நான் ஒரு பெண், கள்ளக்குறிச்சிக்காரி, கௌரவ விரிவுரையாளர், என் எண்ணுக்கு மதிப்பில்லை என்று நினைக்கிறார் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒரு வருடத்துக்கும் மேல் அவரோடு மல்லுக்கட்டினேன். இன்னும் ஓட்டிப் பார் என்றார், ஓட்டினேன். இன்னும் என்றார், அதையும் செய்தேன். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று ஓடிக்கொண்டே இருந்தது. எண்கள் அதையேதான் சொல்லின. கடைசியில் அவர், "சரிம்மா, உன் நம்பர், உன் பொறுப்பு" என்று கைகழுவிவிட்டார்.

எனக்கு என்ன பெருமை என்கிறீர்கள்! உலகமே புதியது வேகம் என்று சொல்கிறபோது இல்லை என்று நிரூபித்தவள் நான். ஏன் மெதுவாகிறது என்பதற்கு ஓர் அத்தியாயமே எழுதினேன். புது வெர்ஷன் நினைவகத்தைக் கையாளும் விதம், தற்காலிகக் கோப்புகளை எழுதும் விதம் என்று படம் போட்டு, அம்புக்குறி போட்டு விளக்கினேன். ஒரு நாள் பறப்பதும் மறுநாள் படுப்பதும் ஏன் என்பதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். இப்போது அந்தப் பக்கங்களை நினைத்தால் காது சூடாகிறது. அச்செடுத்து அட்டை போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் பாக்கி என்ற நிலையில் மாதக் கடைசிக்கு இன்னும் கொஞ்ச நாள் மிச்சமிருந்தது.

அப்போதுதான் ஒரு நாள் மழை வரும் என்று பள்ளி, கல்லூரிகளுக்கெல்லாம் விடுமுறை விட்டார்கள். டியூஷனும் இல்லை. சும்மா இருப்பானேன், கடைசியாக ஒரு ஓட்டம் பார்ப்போமே என்று மதியம் புது வெர்ஷனைத் தட்டிவிட்டு, கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்தேன். மழையைக் காணோம். கொல்லைப் பக்கம் மட்டும் மலை உச்சியில் கருப்பாகத் திரண்டுகொண்டிருந்தது. கண் செருகுகிற நேரத்தில் அத்தை கொல்லைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு மெல்ல உள்ளே வந்தார். நேராக என் மேஜைக்குப் போனார். லேப்டாப் ஒயர் செருகியிருந்த இடத்தில் சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, ஒயரைச் சுருட்டி மேஜைமேல் வைத்தார். அடுத்து டி.வி., பிறகு ஃபிரிட்ஜ், பிறகு சமையலறையில் மிக்ஸி.

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"இன்னா அத்தே பண்றீங்க?"

"மல கறுத்துக்கினு வருது, கண்ணு தெரியல? இடி இடிச்சா எல்லாம் பூடும்."

"இடியே இடிக்கலியே!"

"இடிச்சப்பறம் புடுங்கி இன்னா பண்றது?"

"எத்தினி நாளா இதப் பண்றீங்க?"

"டி.வி. வாங்கன நாள்லேர்ந்து புடுங்கிக்கினுதான் இருக்கேன். இன்னா இன்னிக்கி புச்சா கேக்கற?"

"என் லேப்டாப்பையுமா?"

"ஆமா. அதத்தான் மொதல்ல புடுங்குவேன்."

ஐப்பசி வரைக்கும் எங்கள் பக்கத்தில் மதியத்துக்குமேல் மலை கறுக்காத நாள் குறைவு. பாதி நாள் அங்கேயே உறுமிவிட்டுக் கலைந்து போகும், கீழே ஒரு சொட்டு விழாது. காலையில் மலை பளிச்சென்று இருக்கும். காலையில் ஓடியதெல்லாம் பழைய வெர்ஷன், மதியம் ஓடியதெல்லாம் புதியது. மலை கறுக்காத நாளில் புதியது பறந்திருக்கிறது, கறுத்த நாளில் பேட்டரியில் கிடந்து தவழ்ந்திருக்கிறது. நினைவகமாம், தற்காலிகக் கோப்பாம்! நான் அம்புக்குறி போட்டு விளக்கியது முழுக்க அத்தை பிளக் பிடுங்கிய கதை.

"நான் வரும்போது செருகித்தான இருக்கும்?" என்றேன்.

"மேகம் கலைஞ்சதும் திருப்பிச் செருகிடுவேன். இல்லாங்காட்டி நீ வந்து கத்துவியே."

"நான் தெனமும் கேட்டேனே அத்தே! தெனமும் வாசல்லயே நின்னு கேட்டேனே!"

"நீ கரண்ட் போச்சான்னுதான கேட்ட? கரண்ட் போவல. போவலன்னுதான் சொன்னேன்."

அவர் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. பொய் சொல்லியிருந்தாலாவது நிம்மதியாகத் திட்டியிருப்பேன். அவர் பொய் சொல்லாதபோதும் திட்டினேன். என் வருஷத்தையெல்லாம் பிடுங்கிச் சுருட்டி மேஜைமேல் வைத்துவிட்டீர்களே என்று கத்தினேன். படிக்காத ஜனங்களோடு குப்பை கொட்டுகிறேன் என்றுகூடச் சொன்னேன். அத்தை, "அது பூட்டா உன் படிப்பு பூடுமேன்னுதான் அத மொதல்ல புடுங்கனேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் அவரிடமும் பொரிந்து தள்ளினேன். அவர் கால் கழுவிக்கொண்டே முழுக்கக் கேட்டார். பிறகு, "அம்மாக்கு இடின்னா ஆவாதுன்னு ஒனக்குத் தெரியாதா?" என்றார்.

"எல்லாருக்கும்தான் ஆவாது."

"அப்பிடி இல்ல. எங்கம்மாவும் அவங்க கூட்டுக்காரி ஒருத்தியும் கழனில களை எடுத்துக்கினு இருந்தாங்க. மழ கூட இல்ல, தூரத்துல மலைலதான் இருட்டிக்கினு இருந்துதாம். பக்கத்துல குனிஞ்சிக்கினு இருந்தவ மேல இடி வுழுந்துச்சி. அம்மா கண்ணு முன்னாடியே. அப்ப நான் கைக்கொழந்த."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்கு இது யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. இடி இடித்தால் அத்தை போர்வையை இழுத்து மூடிக்கொள்வதைப் பார்த்து நானும் மகளும் சிரித்திருக்கிறோம். அன்று இரவு அத்தைக்குச் சோறு போடும்போது முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் கோபம் தீர்ந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. இரண்டும் சேர்ந்தே நெஞ்சில் கிடந்தன.

மறுநாள் நெறியாளருக்குப் போன் போட்டேன். "சார், நம்பர் எல்லாம் தப்பு" என்று ஆரம்பித்துப் பிளக் கதையைச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்கூட வரவில்லை.

"நான் அன்னைக்கே சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க சார்."

"இப்ப மறுபடி ஓட்டி, அத்தியாயத்த மாத்தி எழுதி, கடைசி தேதிக்குள்ள முடியுமா?"

"தெரியல சார்."

"அப்ப எதுக்கும்மா? இருக்கறத அப்பிடியே குடுத்துடு. எவன் உக்காந்து ஓட்டிப் பாக்கப் போறான்?"

போனை வைத்துவிட்டு நான் சுவரைப் பார்த்து நின்றேன். இந்த மனுஷன் ஒரு வருடம் என் எண்ணை நம்பாமல் என் உயிரை எடுத்தார். அது தப்பு என்று நானே சொன்ன பிறகு அதுவே போதும் என்கிறார். வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார், "யாருக்குத் தெரியப் போவுது, குடுத்துட்டு நிம்மதியா இரு" என்று. எனக்குத் தெரியுமே! என் வகுப்பில் நாற்பது பெண்பிள்ளைகள் உட்கார்ந்து, எண்ணைத் திருத்தாதே, எண்ணை மறைக்காதே என்று நான் சொல்வதை எழுதிக்கொள்கிறார்கள். பட்டத்தை வாங்கிக்கொண்டு அவர்கள் முன்னால் போய் நின்று என்ன நடத்துவேன்? முடியாது என்றேன். அதற்காக நான் பெரிய தியாகி என்று நினைக்க வேண்டாம். அன்று மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நின்று நன்றாக அழுதேன். பதிவு போய்விடும் என்ற பயத்தில் பாதி அழுகை. மீதிப் பாதி, உலகத்தில் எனக்கென்று இருந்த ஒரே ஒரு கண்டுபிடிப்பும் போய்விட்டதே என்று.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். இந்தத் தடவை இரண்டு வெர்ஷனும் காலையிலேயே, ஒரு நாள் இது, மறுநாள் அது என்று மாற்றி மாற்றி. புதியதைத் திறப்பதற்காக வீட்டுக்காரர் கழனிக்குப் போகாமல் போனும் கையுமாகக் காத்திருந்தார். "தொறந்துச்சா? தொறந்துச்சா?" என்று கேட்டுக் கேட்டு உயிரை வாங்கினார் என்பது வேறு விஷயம். கல்லூரியிலிருந்து வந்ததும் நானே பிளக்கைப் பிடுங்கி அத்தை கண்ணில் படும்படி வைத்துவிடுவேன். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. கல்லூரி ஆய்வகத்தில் வைத்து நாள் முழுக்க ஓட்டலாமே என்று போய்ப் பார்த்தேன். அங்கே யு.பி.எஸ். இருந்தது. அதன்மேல் ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டும் இருந்தது. உள்ளே பேட்டரி மட்டும் இல்லை.

எண்கள் வர வர, சின்ன மாமனார் சொன்னதுதான் சரி என்று ஆகிக்கொண்டு வந்தது. புதியதுதான் வேகம், நல்ல வேகம். பழைய அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். கடைசியில் அட்டவணையில் இரண்டே கட்டம் காலி. அப்போது பார்த்து மின்வாரியத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். ஒரு காலை முழுதாகப் போயிற்று. அடுத்த நாள்தான் எனக்கு மிச்சமிருந்த கடைசி நாள். அதற்கு மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறி, நெறியாளர் கையெழுத்தை வாங்கி, பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். அந்தக் கடைசி நாள் காலையில் பழையதை ஓட்டி முடித்தேன். புதியது பாக்கி. அதை மதியம்தான் ஓட்ட முடியும். எனக்கோ கல்லூரியில் மதியத் தேர்வுக்கு மேற்பார்வை. மாற்று ஆள் கேட்டால், "உங்களுக்கு மட்டும்தான் மேடம் எப்பவும் ஏதாவது வேலை வருது" என்றார்கள்.

வீட்டுக்காரர் போனிலிருந்து இணைத்துப் புதியதைத் தட்டிவிட்டேன். அவர் ஆலைக்குக் கரும்பு வண்டியோடு கிளம்பினார். கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். மலை அப்போதே மங்கிக்கொண்டிருந்தது. அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அத்தே, இன்னிக்கி ஒரு நாள் மட்டும் அத புடுங்காதீங்க. இது நின்னா நாளைக்கிக் குடுக்க முடியாது. குடுக்கலன்னா எல்லாம் போச்சி."

அவர் தலை நிமிரவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கையிலிருந்த காம்பை உருவி முறத்தில் போட்டார். மிரட்டவா முடியும்?

தேர்வறையில் இருக்கும்போதே இடி கேட்டது. முடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து அத்தைக்குப் போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். இடி இடித்தால் முதலில் போனை அணைப்பார், அது மின்னலை இழுக்குமாம். பஸ் முழுக்க ஆளாளுக்குப் போனில் கத்திக்கொண்டிருந்தார்கள். "டி.வி. பிளக்க புடுங்குடி!" என்கிறார் முன் சீட்டுக்காரர். "ஃபிரிட்ஜ புடுங்கு, மோட்டார புடுங்கு, நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாத" என்கிறது பின்னால் ஒரு பெண் குரல். கண்டக்டரும் டிக்கெட் கொடுப்பதை விட்டுவிட்டு, "வைஃபை டப்பாவையும் புடுங்கிடும்மா" என்றார். பிளக் பிடுங்காமல் இருக்க வேண்டுமே என்று அந்தப் பஸ்ஸில் வேண்டிக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். நடுவில் ஓடையில் தண்ணீர் போகிறது என்று பஸ்ஸை வேறு நிறுத்தினார்கள். எனக்கு யார்மேல் எரிச்சல் வருவது என்றே தெரியவில்லை. மலைமேல் வந்தது, டிரைவர்மேல் வந்தது, மென்பொருள் செய்தவன்மேல் வந்தது.

பிடுங்கியிருப்பார் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் பிடுங்கியிருப்பேன். பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போதே, பதிவு ரத்தானால் ஜூனில் என்ன செய்வது, முழு நேரமும் டியூஷன் எடுப்பதா என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். தெருவில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் போகவில்லை, அதிசயம்தான்.

வாசல் கதவைத் தள்ளினேன். டி.வி. ஒயர் தொங்கியது. ஃபிரிட்ஜ் ஒயரும் தொங்கியது. என் மேஜைக்குப் பக்கத்தில் அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் வாசலைத் தாண்டிச் செருப்பு வராது. அவர் காலில் மகனுடைய ரப்பர் செருப்பு இருந்தது, இரண்டு பாதமும் அதில் நீந்திக்கொண்டிருந்தன. இரண்டு காதிலும் பஞ்சு. கண்ணை இறுக்க மூடியிருந்தார். வலது கை சுவரில், என் லேப்டாப் சுவிட்சின்மேல். பிளக் செருகியபடியே இருந்தது.

எனக்கு அழுகைதான் வந்தது. வாயில் வந்ததோ திட்டு.

"அத்தே! அறிவிருக்கா உங்களுக்கு? இந்த இடில சுவிட்சு மேல கை வச்சிக்கினு! எடுங்க மொதல்ல!"

அவருக்குக் காது கேட்கவில்லை. தோளைத் தொட்டதும் தூக்கிவாரிப்போட்டது அவருக்கு. என்னைப் பார்த்ததும் பஞ்சை எடுத்தார், கையை எடுக்கவில்லை.

"எரிய ஆரமிச்சா டக்குனு அணைக்கணுமில்ல," என்றார். "நீ போனதுலேர்ந்து குந்திக்கினு இருக்கேன். இன்னும் ஓடிக்கினுதான் இருக்குது. முடிஞ்சிதா பாரு."

திரையைப் பார்த்தேன். முடியவில்லை, ஆனால் கொஞ்சம்தான் பாக்கி. இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஈரத்தோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கையைச் சுவிட்சிலிருந்து எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. மலைப் பக்கம் பளீரென்று வெட்டியது. பின்னாலேயே வீடே அதிருகிற மாதிரி ஓர் இடி. அவர் நகம் என் உள்ளங்கையில் பதிந்தது. அவர் எழுந்து போகவில்லை, நானும் போகச் சொல்லவில்லை. இரண்டு பேரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசி வரி வந்து, முடிந்த நேரம் விழுந்தது.

"முடிஞ்சிது அத்தே," என்றேன்.

"நெஜமா முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது. நாளைக்கிக் குடுத்துடலாம்."

அவர் மூச்சை விட்டார்.

"அப்ப புடுங்கிடட்டா?" என்றார்.